மயங்கி விழுந்த பிறகு கழுத்து வலி: ஒத்தடமா, காலர் போடுவதா, ஸ்கேனா, ஃபிசியோவா, நீவி விடுவதா?

மயக்கம் போட்டு விழுந்தவருக்கு அன்றைக்கு நெற்றி வீக்கமும் முழங்கைச் சிராய்ப்பும்தான் எல்லார் கண்ணிலும் படும். கழுத்து வலி பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் தெரிய வரும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. யாராவது பின்னால் நின்று கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப முடியும். அதற்குள் வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லியிருப்பார்கள். தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுத்தால் போதும் என்பார் ஒருவர். மெடிக்கலில் கழுத்தைச் சுற்றிக் கட்டும் காலர் வாங்கிப் போடச் சொல்வார் இன்னொருவர். எக்ஸ்ரே எடுத்துவிடலாம், ஃபிசியோவிடம் போகலாம், சுளுக்கு எடுப்பவரிடம் காட்டி நீவிவிட்டு வரலாம் என்று பட்டியல் நீளும். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் திணறுபவர்கள் பலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

வழுக்கி விழுவதும் மயங்கி விழுவதும் கழுத்துக்கு ஒன்றல்ல. வழுக்குகிறவர் கையை ஊன்றுவார், தலையைக் காப்பாற்றப் பார்ப்பார். மயங்குகிறவருக்கு அந்த நேரத்தில் தசைகள் தளர்ந்துவிடும். நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை எந்தத் தடுப்பும் இல்லாமல் தரையிலோ வாஷ்பேசினிலோ போய் மோதும். எப்படி விழுந்தோம், எந்தப் பக்கம் அடிபட்டது என்று அவருக்கே தெரியாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவரை விழ வைத்த காரணம் இன்னும் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. கழுத்துக்கு வைத்தியம் பார்த்துவிட்டு மயக்கத்தை விட்டுவிட்டால் அடுத்த விழுகை எப்போது என்பதுதான் கேள்வியாக இருக்கும். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் நான் எடைபோடுவது கழுத்தை மட்டும் வைத்து அல்ல.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

முதலாவது, உள்ளே ஒளிந்திருக்கும் ஆபத்தை அந்த வழி கண்டுபிடிக்குமா: எலும்பு முறிவு, தண்டுவட அழுத்தம், ரத்தக்குழாய்க் கிழிசல், தலைக்குள் ரத்தக்கசிவு. இரண்டாவது, ஏன் மயங்கினார் என்ற கேள்விக்கு வழி விடுமா, இல்லை அதை மூடி மறைக்குமா. மூன்றாவது, கழுத்தை அசைய வைக்குமா, முடக்கிப் போடுமா. நான்காவது, இன்னொரு முறை தலைசுற்றி விழும் வாய்ப்பைக் கூட்டுமா. பணம், நேரம், கூட வர ஆள் ஆகியவற்றை இந்த நான்குக்கும் பிறகுதான் வைப்பேன்.

## எந்த வழிக்கும் முன்னால்

சிலருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை, நேராக மருத்துவமனைதான். அதை எப்படிப் பிரிப்பது? கழுத்தில் அடிபட்டு வருபவர்களில் யாருக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் போன்ற படம் எடுக்க வேண்டும் என்று கனடா மருத்துவர்கள் 2001-ல் ஒரு விதியை வெளியிட்டார்கள். இன்றும் அவசரப் பிரிவுகளில் அது புழங்குகிறது. வயது 65 அல்லது அதற்கு மேல், 3 அடியோ அதற்கு மேலோ உள்ள உயரத்திலிருந்தோ ஐந்து படிகளிலிருந்தோ விழுந்தது, கை கால்களில் மரமரப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலே படம் எடுக்க வேண்டும். எதுவும் இல்லை, தெளிவாகப் பேசுகிறார், உட்கார முடிகிறது, நடக்க முடிகிறது, வலி உடனே வராமல் பிறகுதான் வந்தது என்றால் அடுத்த படி: தலையை இரண்டு பக்கமும் 45 பாகையாவது தானாகவே திருப்ப முடிகிறதா என்று பார்ப்பது. தானாகவே என்பதை அழுத்திச் சொல்கிறேன். இன்னொருவர் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கவே கூடாது. இது மருத்துவருக்கான விதி என்பதால் வீட்டில் அதை ஒரு எச்சரிக்கைப் பட்டியலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பங்குக்கு இன்னும் சிலவற்றைச் சேர்க்கிறேன். பின்கழுத்தின் நடுவில் எலும்பின் மேல் விரல் வைத்தால் துடிக்கும் வலி. வாந்தி, குழப்பம், கூடிக்கொண்டே போகும் தலைவலி. குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை சாப்பிடுபவர். கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் இதுவரை அனுபவிக்காத வலியோடு பேச்சு குழறுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது. இந்தக் கடைசிக் கூட்டம், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

முன்பக்கமாக விழுந்து நெற்றியிலோ மோவாயிலோ அடிபட்ட முதியவர்களுக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. தலை பின்னால் வளைந்து போகும்போது, ஏற்கெனவே தேய்மானத்தால் குறுகியிருக்கும் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் நசுங்கலாம். எலும்பு உடையாமலேயே இது நடக்கும். கால்கள் ஓரளவு நன்றாக இருக்கும், கைகள்தான் பலம் இழக்கும். ஆள் நடந்து வருவதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. சட்டைப் பித்தான் போட முடிகிறதா, சாதம் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா, டம்ளர் கையிலிருந்து நழுவுகிறதா என்று கவனியுங்கள். மாற்றம் தெரிந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

## வழி 1: வீட்டிலேயே ஒத்தடமும் மாத்திரையும்

மேலே சொன்ன எதுவும் இல்லாத, இளவயது அல்லது நடுவயது ஆளுக்கு இது போதும். கோயில் வரிசையில் நெடுநேரம் நின்றது, விரதம், ரத்தம் எடுக்கும்போது பயந்தது என்று மயக்கத்துக்குக் காரணமும் தெளிவாக இருக்க வேண்டும். விழுவதற்கு முன் வியர்த்து, குமட்டி, கண் இருட்டிக்கொண்டு வந்திருந்தால் அது பெரும்பாலும் சாதாரண மயக்கம்தான். இப்படிப்பட்ட தசைப்பிடிப்பு இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் முழுசாகச் சரியாகிவிடும். மறுநாள் வலி கூடியதே என்று பதற வேண்டாம்.

முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம்போல. பிறகு வெந்நீர்ப் பையோ நொச்சி இலை ஒத்தடமோ. எது இதமாக இருக்கிறதோ அது. இதில் பெரிய சாத்திரம் எதுவும் இல்லை. தைலத்தை மேலாகப் பூசலாம், அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஒரு மணிக்கு ஒரு தடவையாவது வலி பொறுக்கும் அளவுக்குக் கழுத்தை மெல்ல இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். தலையணையே வேண்டாம் என்று சொல்வார்கள். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளின் உயரத்தை நிரப்பும் அளவு தலையணை வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து இரவு முழுக்கத் தொங்கும்.

மறைந்திருக்கும் செலவு மாத்திரையில்தான் இருக்கிறது. மெடிக்கலில் 'கழுத்துப் பிடிப்பு' என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு கூட்டு மாத்திரை: அசிக்ளோஃபினாக், பாரசிட்டமால், கூடவே தசையைத் தளர்த்தும் ஒரு மருந்து. அந்தத் தசைத்தளர்த்தி தூக்கக் கலக்கத்தையும் தலைசுற்றலையும் தரக்கூடியது. மயங்கி விழுந்தவருக்கு மறுபடி தள்ளாட வைக்கும் மருந்தைக் கொடுப்பது எவ்வளவு பிழை என்று யோசித்துப் பாருங்கள். அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம், பிரஷரை ஏற்றலாம். தலையிலும் அடிபட்டிருந்தால் முதல் இரண்டு நாள் மருத்துவர் சொல்லாமல் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. பாரசிட்டமால் மட்டும் போதும்: 500 அல்லது 650 மில்லிகிராம், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில். வயதானவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கூட்டு மாத்திரையில் ஏற்கெனவே பாரசிட்டமால் இருக்கிறது என்பது தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போடுபவர்கள் நிறைய.

இந்த வழியின் பெரிய குறை, மயக்கத்தின் காரணத்தை இது தேடாது. ஆனால் வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் ஒரு பாதித் தேடலை நாமே செய்யலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், எழுந்து நிற்கும்போது பிரஷர் விழுகிறது என்று பொருள். அந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அவருக்கு அது தங்கம்.

## வழி 2: காலர்

மெடிக்கலில் கேட்டால் கிடைக்கும், விலையும் அதிகமில்லை, போட்டதும் கொஞ்சம் தெம்பாக இருக்கும். இருந்தும் என் ஒப்பீட்டில் இதற்குக் கடைசிக்கு முந்திய இடம்தான்.

கார் மோதலில் கழுத்து உதறப்பட்டவர்களைப் பற்றி கனடாவின் கியூபெக் மாகாண நிபுணர் குழு ஒன்று 1995-ல் அறிக்கை கொடுத்தது. காலர் போட்டு ஓய்வெடுப்பதைவிடச் சீக்கிரம் அசைத்து வழக்கமான வேலைக்குத் திரும்புவதே நல்லது என்ற பக்கமாக மருத்துவ உலகம் அப்போதிலிருந்தே நகர்ந்துவிட்டது. காலரைத் தொடர்ந்து போட்டால் கழுத்துத் தசை பலம் இழக்கும், விறைப்பு கூடும், கழற்றவே பயம் வரும். மென்மையான ஸ்பாஞ்ச் காலர் உடைந்த எலும்பை அசையாமல் பிடித்து வைக்கவும் செய்யாது. ஆக, முறிவு இருந்தால் அது போதாது, முறிவு இல்லையென்றால் அது பெரும்பாலும் தேவையில்லை.

மயங்கி விழுந்தவருக்கு இன்னும் இரண்டு சிக்கல். காலர் போட்டால் குனிந்து தன் காலைப் பார்க்க முடியாது. வாசற்படியும் பாத்ரூம் ஈரமும் தெரியாது. இன்னொன்று அதிகம் பேசப்படாதது. தாடைக்குக் கீழே கழுத்தின் பக்கவாட்டில், பெரிய தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் பிரஷரை உணரும் ஒரு பகுதி இருக்கிறது. சில முதியவர்களுக்கு, பெரும்பாலும் ஆண்களுக்கு, அது மிக எளிதில் தூண்டப்படும். இறுக்கமான சட்டைக் கழுத்து, சவரம் செய்யத் தலையைத் திருப்புவது போன்ற சின்ன அழுத்தமே இதயத் துடிப்பைக் குறைத்து மயக்கத்தைக் கொண்டுவரலாம். விழுந்ததற்கே அதுதான் காரணமாக இருந்தால், இறுக்கிக் கட்டிய காலர் அதே மயக்கத்தை மறுபடி வரவழைக்கலாம்.

காலருக்குச் சரியான இடம் எது? மருத்துவர் பார்த்துக் குறிப்பிட்ட காரணத்துக்காக, குறிப்பிட்ட நாட்களுக்குப் போடச் சொன்னால் போட வேண்டும். வலியால் பஸ் பயணமே முடியவில்லை என்றால் அந்தப் பயணத்துக்கு மட்டும், இரண்டு மூன்று நாளுக்குள் என்றால் பரவாயில்லை. முறிவு உறுதியானவருக்கு மருத்துவமனையில் போடும் கெட்டியான காலர் வேறு சங்கதி. அதை நாமாகக் கழற்றவே கூடாது.

## வழி 3: மருத்துவமனையும் படமும்

65 வயதைத் தாண்டியவர் மயங்கி விழுந்து கழுத்து வலிக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன், வலி லேசாக இருந்தாலும். நின்ற இடத்திலிருந்து சரிந்து விழுந்தாலே கழுத்தின் இரண்டாவது எலும்பு உடைவது முதியவர்களிடம் நடக்கக்கூடியது. சிலர் அந்த முறிவோடு நடந்தே வருவார்கள்.

எக்ஸ்ரேயா சி.டி. ஸ்கேனா என்பது அடுத்த குழப்பம். எக்ஸ்ரே மலிவு, உடனே கிடைக்கும். ஆனால் கழுத்தின் ஏழு எலும்புகளில் அடியில் இருப்பவை தோளின் நிழலில் மறைந்துபோகும். மேலே இருக்கும் முதலிரண்டும் பல், தாடையோடு கலந்து தெரியும். தேய்மானம் உள்ள கழுத்தில் மெல்லிய விரிசலைப் பிரித்தறிவது இன்னும் கடினம். அதனால் ஆபத்துக்கூறு உள்ள முதியவருக்கு நேராக சி.டி. எடுப்பதே சரி. தலையிலும் அடிபட்டிருந்தால் இரண்டையும் ஒரே தடவையில் எடுத்துவிடலாம். கை பலம் குறைந்திருந்தால் தண்டுவடத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வேண்டியிருக்கும். தனியாரில் செலவு ஆயிரங்களில் போகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மிகக் குறைவு, காத்திருப்பு அதிகம். தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்துக்கானது, வீட்டில் விழுந்தவருக்குப் பொருந்தாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எழுப்பி உட்கார வைக்கவே முடியாத வலி என்றால் ஆட்டோவில் ஏற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்த வழியின் ஒளிந்திருக்கும் செலவு பணம் அல்ல, 'தேய்மானம்' என்ற முடிவு. ஐம்பது வயதைத் தாண்டிய பெரும்பாலானவர்களின் கழுத்துப் படத்தில் தேய்மானம் தெரியும், வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். படத்தைப் பார்த்ததும் 'கழுத்து எலும்பு தேய்ந்திருக்கு, அதனாலதான் தலைசுற்றி விழுந்திருக்கீங்க' என்று கதை முடிந்துவிடுகிறது. முழுசாக நினைவு தப்பி விழுவதற்குக் கழுத்துத் தேய்மானம் காரணமாக இருப்பது மிக அரிது. எங்கள் உறவில் ஒரு பெரியவர் இந்தப் பேச்சை நம்பி மாதக்கணக்கில் கழுத்துக்கு மாத்திரை சாப்பிட்டார். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போதெல்லாம் கண் இருட்டியதற்கு, பிராஸ்டேட்டுக்குப் போட்ட டாம்சுலோசினும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்து பிரஷரை இறக்கியதுதான் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. மாத்திரையையும் நேரத்தையும் மருத்துவர் மாற்றியதும் நின்றுவிட்டது.

ஆகவே எலும்பு டாக்டரிடம் போனாலும் அதே நாளில் ஈ.சி.ஜி., சர்க்கரை அளவு, ரத்தசோகைக்கான பரிசோதனை, படுத்தும் நின்றும் பிரஷர் இந்த நான்கையும் கேட்டு வாங்குங்கள். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை சாப்பிடுபவர் என்றால் லோ சுகரை முதலில் சந்தேகிக்க வேண்டும். எந்த முன்னறிகுறியும் இல்லாமல் சட்டென்று விழுந்தவர், மாடி ஏறும்போதோ வேலை செய்யும்போதோ விழுந்தவர், நெஞ்சு படபடத்து விழுந்தவர், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் இருந்தவர் இவர்களுக்குக் கழுத்தைவிட இதயம்தான் அவசரம். நாக்கைக் கடித்திருந்தால், எழுந்த பின் நெடுநேரம் குழம்பியிருந்தால் வலிப்பாக இருக்கலாம். கீழே விழுந்ததைப் பார்த்தவர் ஒருவர் கூடப் போவது எந்த ஸ்கேனுக்கும் குறைந்ததல்ல.

## வழி 4: ஃபிசியோதெரபி

ஆபத்து இல்லை என்று உறுதியான பிறகு, முதல் வாரத்துக்குப் பின்னும் கழுத்து திரும்ப மறுத்தால் இதுதான் சிறந்த வழி. காரணம் எளிது: கழுத்தை முடக்காமல் அசைக்கக் கற்றுக்கொடுக்கிறது. மோவாயை மெல்ல உள்ளே இழுப்பது, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலை அசையாமல் லேசாக எதிர்த்து அழுத்துவது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது போன்ற சின்னச் சின்னப் பயிற்சிகள்தான். எல்லாவற்றையும் முதலில் உட்கார்ந்தபடி செய்ய வேண்டும். ஒரேயடியாகத் தலையை வட்டமாகச் சுழற்றுவது வேண்டாம்.

போய்ப் படுத்தால் கரண்ட் வைத்து அனுப்பிவிடுகிறார்கள், பயிற்சி சொல்லித் தருவதில்லை என்றால் அந்த இடத்தை மாற்றுங்கள். கரண்ட் தரும் சுகம் அந்த நேரத்துக்குத்தான், பலன் நிற்பது பயிற்சியில். அடிபட்ட புதிதில் டிராக்ஷன் போட்டுக் கழுத்தை இழுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். மின்காந்த அலையால் உள்ளே சூடேற்றும் ஷார்ட்வேவ் டயதெர்மி அவருக்குக் கூடவே கூடாது. மயக்கத்துக்காக பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பலர் இருப்பதால் இதைச் சும்மா சொல்லவில்லை.

தினமும் போய்வரும் செலவும் கூட வர ஆளும்தான் இங்கே சுமை. வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பயிற்சியைச் சரிபார்த்துக்கொண்டு மற்ற நாட்களில் வீட்டில் செய்வதைப் பல ஃபிசியோக்கள் ஒப்புக்கொள்வார்கள், கேட்டுப் பாருங்கள். நடமாட முடியாத முதியவர் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

## வழி 5: நீவி விடுவது, வர்மம், கட்டு

நம் ஊரில் கை சுளுக்குக்கும் கால் பிசகலுக்கும் தலைமுறைகளாகக் கைகொடுத்தவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கன்னியாகுமரிப் பக்கம் வர்மத்தைப் பொறுப்போடு செய்யும் ஆசான்கள் உண்டு. சித்த மருத்துவம் படித்தவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். பழைய, நாள்பட்ட தசை இறுக்கத்துக்கு அவர்களிடம் போவது அவரவர் விருப்பம்.

மயங்கி விழுந்த புதிதில் கழுத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள். படம் எடுக்காத கழுத்தில் மெல்லிய முறிவு இருந்தால் ஒரு திருப்பலில் அது நகர்ந்து தண்டுவடத்தில் அழுத்தலாம். தலையைச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுக்கும்போது எலும்புகளுக்குள் ஏறிப்போகும் தமனி கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். முடிவெட்டும் கடையில் கடைசியில் இலவசமாக முறிக்கும் நெட்டியும் இதில் சேர்த்திதான். காலர் பற்றிச் சொன்னபோது குறிப்பிட்ட அந்தப் பக்கவாட்டுப் பகுதியை அழுத்தித் தேய்த்தால் நாற்காலியிலேயே மறுபடி மயக்கம் வரலாம். புத்தூர்க் கட்டு என்ற பெயரில் ஊருக்கு ஊர் இருக்கும் இடங்களைக் கை காலுக்கு நம்புபவர்கள்கூடக் கழுத்துக்கு நம்ப வேண்டாம்.

செலவு குறைவு, உடனே ஆறுதல் என்பது உண்மை. 'நரம்பு பிசகியிருந்தது, எடுத்துவிட்டேன்' என்று அவர் சொன்னதும் குடும்பம் நிம்மதியாகிவிடுகிறது. மயக்கத்தைப் பற்றிய தேடலும் அந்த நிமிடத்தோடு நின்றுவிடுகிறது. என் பட்டியலில் இது கடைசியில் இருப்பதற்கு அந்த நிம்மதியும் ஒரு காரணம்.

## யாருக்கு எது

கல்லூரி மாணவி, வெறும் வயிற்றில் நின்று மயங்கினார், கழுத்து நன்றாகத் திரும்புகிறது: வீட்டு ஒத்தடம், பாரசிட்டமால், தண்ணீரும் உணவும் நேரத்துக்கு. மாதவிடாய் அதிகம் என்றால் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். நாற்பதுகளில் இருப்பவர், முதல் முறை, காரணம் புரியவில்லை: கழுத்துக்கு வீட்டு வைத்தியம் போதும், மயக்கத்துக்கு அந்த வாரமே பொது மருத்துவரும் ஈ.சி.ஜி.யும். எழுபது வயதுப் பாட்டி, பாத்ரூமில் விழுந்தார், 'ஒண்ணுமில்லப்பா' என்கிறார்: அவர் சொல்வதைக் கேட்காமல் மருத்துவமனை, சி.டி. ஸ்கேன். முதுகெலும்பு மூங்கில்போல இறுகிப்போகும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் உள்ளவர் எந்த வயதானாலும் இதே வழிதான். அவர்களுக்குச் சின்ன அடியே முறிவைத் தரும்.

ஆறு வாரம் கழித்தும் வலி நிற்கவில்லை, அல்லது தோளிலிருந்து விரல் வரை மின்சாரம்போல இறங்குகிறது என்றால் மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஈ.சி.ஜி. சரியாக இருந்தும் மயக்கம் திரும்பி வந்தால், 24 மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியைப் பற்றிக் கேளுங்கள். அதுவரை பைக்கை எடுக்காதீர்கள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க முடிய வேண்டும், மயக்கத்தின் காரணமும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பஸ்ஸில் போங்கள், முடிந்தால் உட்கார்ந்தபடி.